மீன் போடும் அடியுரம்

உரம் எங்கேயிருந்து வருதுன்னு கேட்டால், சிலர் மூட்டையிலிருந்து என்பார்கள். நாம் மாட்டுத் தொழுவத்திலிருந்து என்போம். வட அமெரிக்காவின் மேற்குக் கரையில் சில காடுகளுக்கு உரம் கடலிலிருந்து வருகிறது.

அதைச் சுமந்து வருவது சால்மன் மீன். மலை ஓடையில் பொரிந்து, சிறு மீனாகக் கடலுக்குப் போகும். உடம்பில் பெரும்பகுதி அங்கே தின்று சேர்த்ததுதான். முட்டையிட, நீரோட்டத்தை எதிர்த்துப் பிறந்த ஓடைக்கே திரும்பும். பசிபிக் சால்மன்களில் பெரும்பாலானவை முட்டையிட்டதும் செத்துவிடும்.

அந்தச் சாவு வீண் போறதில்லை. கரடி மீனைக் கவ்விக் கரையேறும். மூளை, சினை என்று கொழுப்பான இடத்தைத் தின்றுவிட்டு மிச்சத்தைக் காட்டிலேயே போட்டுவிடும். கழுகும் காக்கையும் ஈப்புழுவும் தின்றது போக, மட்கியது வேருக்கு. கடல் மீனில் நைட்ரஜன்-15 என்ற கனமான தழைச்சத்து கூடுதலாக இருக்கும். அதே அடையாளம் ஓடைக்கரை மர இலைகளிலும் தெரிகிறது. சால்மன் வரும் கரையில் சிட்கா ஸ்புரூஸ் மரங்கள் வேகமாக வளர்வதை அலாஸ்காவில் நடந்து 2001-ல் வெளியான ஆய்வு காட்டியது.

வழியை அடைத்தால்? வாஷிங்டன் மாநிலத்தின் எல்வா ஆற்றை இரண்டு அணைகள் ஏறக்குறைய நூறு ஆண்டுகள் மறித்தன. 2011-ல் இடிக்கத் தொடங்கி 2014-ல் முடித்தார்கள். சால்மன் மறுபடி மேலே ஏறுகிறது. மீன் குறைந்துபோன வேறு சில ஓடைகளிலோ, மீன் பொரிப்பகத்தில் செத்த சால்மன்களை வண்டியில் கொண்டுவந்து கொட்டுகிறார்கள். மீன் சும்மா செய்த வேலைக்கு இப்போ ஆள்கூலி, டீசல்!

நான் வங்கியில் பயிர்க்கடன் மனு பார்த்த காலத்தில், உரச்செலவுக்கு ஒரு கட்டம் இருக்கும். மண்ணுக்குச் சும்மா வந்து சேர்வதற்குக் கட்டமே கிடையாது. கணக்கில் இல்லாததை இழந்தாலும் யாருக்கும் தெரியாது.

ஆட்டுக்கிடை போட்டவர்களுக்கு இந்தச் சங்கதி புதுசில்லை. மேய்ச்சல் காட்டில் தின்றதை ஆடு ராத்திரி நம் வயலில் புழுக்கையாகவும் மூத்திரமாகவும் விட்டுப் போகிறது. அந்த ஆடு வரும் பாதையை வேலி போட்டு அடைத்துவிட்டு, உரம் விலை ஏறிப்போச்சுன்னு புலம்பி என்ன பயன்? மூட்டையை மாற்றினால் மட்டும் இயற்கை விவசாயம் ஆகிவிடாது. சத்து நடந்து வரும் வழியும் திறந்திருக்கணும். உங்க ஊரில் கிடைக்காரர் வரும் தடம் இன்னும் இருக்கிறதா? இந்த வாரம் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.