நம் ஆதாரத்துக்கு நம் முகவரி வேண்டும்

"ஒரிஜினல் யார்கிட்ட இருக்கு?"

வழக்கறிஞர் இப்படிக் கேட்டபோது அறையில் இருந்த ஆறு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

ஊத்துக்கோட்டை பக்கத்து ஊர் ஒன்றில் சுடுகாட்டுப் பாதையை மறித்தார்கள். பிணத்தை வைத்துக்கொண்டு ஜனம் வெயிலில் நின்றது. நம் தம்பி ஒருவன் நான்கு நிமிடம் போனில் பதிவு செய்தான். மறித்தது யார், என்ன சொல்லித் திட்டினார்கள், எல்லாம் அதில் இருந்தது. இரவுக்குள் எல்லா வாட்ஸ்அப் குரூப்பிலும் ஓடியது. நானும் ஃபார்வர்ட் செய்தேன். கடமை முடிந்தது என்று தூங்கப் போனேன்.

ஏழு மாதம் கழித்துத்தான் இந்தக் கேள்வி வந்தது. தம்பியின் போன் ஏற்கெனவே தண்ணீரில் விழுந்து போய்விட்டது. முகநூலில் போட்டவருடைய கணக்கு முடங்கிவிட்டது. மிஞ்சியது, முகம் தெரியாத மங்கலான நாற்பது விநாடி. மறித்தவர்கள் யாரும் அந்த வீடியோவை அழிக்கவில்லை. கைவிட்டவர்கள் நாம்தான்.

தோழர்களே, பகிர்வதையும் பாதுகாப்பதையும் நாம் ஒன்றாக நினைத்துக்கொண்டிருக்கிறோம். இந்தப் பழக்கத்தை விட்டாக வேண்டும். நம் ஊர் அமைப்பு ஒவ்வொன்றுக்கும் சொந்த இணையதளம் வேண்டும். படம், வீடியோ, மனு நகல், தீர்ப்பு எல்லாம் முதலில் அங்கே ஏற வேண்டும். மற்ற இடங்களுக்கு அங்கிருந்து இணைப்புதான் போக வேண்டும்.

"நம்ம சைட்டுக்கு யார் வந்து பார்ப்பா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. திவ்யபாரதியின் 'கக்கூஸ்' ஆவணப்படத்தை 2017-ல் பல ஊர்களில் திரையிட விடவில்லை. யூடியூபில் ஏற்றிய பிறகுதான் அது வீடு வீடாகப் போனது. கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டையில் தலித் ஊராட்சித் தலைவரைத் தரையில் உட்கார வைத்தார்கள். 2020 அக்டோபரில் அந்தப் படம் பரவியதால்தான் நிர்வாகம் அசைந்தது. நம் கும்மிடிப்பூண்டி பக்கம் ஆத்துப்பாக்கத்தில், அதே ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று தலித் பெண் ஊராட்சித் தலைவரைக் கொடியேற்ற விடவில்லை. விஷயம் வெளியே வந்து நாறிய பிறகு, ஆகஸ்ட் 20 அன்று மாவட்ட ஆட்சியர் முன்னிலையில் அவர் கொடியேற்றினார். பரப்புவதன் பலத்தை நான் மறுக்கவில்லை. பரப்ப அவர்கள் மேடையைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆனால் பெட்டகத்தை அவர்கள் வீட்டில் வைக்காதீர்கள்.

அந்த வீடு யாருடையது? ஜியோசிட்டீஸ் 2009-ல் மூடப்பட்டது. கூகுள் பிளஸ் 2019-ல் மூடப்பட்டது. அதே 2019-ல், 2015-க்கு முன்பு ஏற்றப்பட்ட பாடல்களும் படங்களும் சர்வர் மாற்றும்போது போய்விட்டிருக்கலாம் என்று மைஸ்பேஸ் சொன்னது. பாடகர்களின் பன்னிரண்டு வருட உழைப்புக்கே அந்தக் கதி என்றால், நம் சேரி வீடியோவுக்கு யார் காவல்?

நம் முன்னோருக்கு இது புரிந்திருந்தது. இரட்டைமலை சீனிவாசன் 1893-ல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். அயோத்திதாசர் 1907-ல் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். அடுத்தவன் பத்திரிகையில் இடம் கேட்டு அவர்கள் காத்திருக்கவில்லை. 1936-ல் லாகூர் ஜாத்-பட்-தோடக் மண்டல், அம்பேத்கரின் உரையில் சில பகுதிகளை நீக்கச் சொன்னது. அவர் மறுத்தார், மாநாடு ரத்தானது. அவர் சொந்தச் செலவில் 1,500 பிரதிகள் அச்சிட்டார். 'சாதி ஒழிப்பு' நமக்குக் கிடைத்தது அப்படித்தான். மேடை கொடுப்பவனுக்கு மேடையைப் பிடுங்கவும் தெரியும்.

அச்சிட்டது மட்டும் போதவில்லை என்பதையும் பாருங்கள். அயோத்திதாசர் மறைந்தது 1914-ல். அவர் எழுத்துகளை ஞான. அலாய்சியஸ் தொகுத்து வெளியிட்டது 1999-ல். இடையில் எண்பத்தைந்து ஆண்டுகள். பழைய இதழ்களை யாரோ பத்திரமாக வைத்திருந்ததால்தான் அந்தத் தொகுப்பே சாத்தியமானது. அந்த 'யாரோ' நாமாக இருக்க வேண்டிய காலம் இது.

இனி நீதிமன்றத்துக்கு வருவோம். 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள புதிய சாட்சியச் சட்டத்தின் 63-வது பிரிவுப்படி, மின்னணு ஆதாரத்தோடு சான்றிதழ் தர வேண்டும். அந்தப் படிவத்தில் கோப்பின் 'ஹாஷ்' மதிப்பைக் குறிப்பிட வேண்டும். அது கோப்பின் கைரேகை போன்றது. ஒரு எழுத்து மாறினாலும் ரேகை மாறிவிடும். வாட்ஸ்அப் வழக்கமாக வீடியோவைச் சுருக்கித்தான் அனுப்பும். அப்படி வந்த பிரதியின் ரேகை அசலோடு ஒத்துப்போகாது.

எனவே வேலை இதுதான். பதிவு செய்த அன்றே கேபிள் போட்டு அசலை அப்படியே கணினிக்கு மாற்றுங்கள். வெட்டாதீர்கள், பாட்டுச் சேர்க்காதீர்கள். கோப்பின் பெயரில் தேதியும் ஊரும் இருக்கட்டும். யார் எடுத்தது, எந்தப் போன் என்று அரைப் பக்கம் எழுதி வையுங்கள். ஹாஷ் எடுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று பிரதி, மூன்று இடம். முடிந்தால் அந்தப் போனையும் விற்காமல் வையுங்கள்.

எல்லாவற்றையும் வைத்திருங்கள் என்றால் எல்லாவற்றையும் காட்டுங்கள் என்று அர்த்தமல்ல. பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது பாரதிய நியாய சன்ஹிதா 72-வது பிரிவின்படி குற்றம். குழந்தை என்றால் போக்சோ 23-வது பிரிவும் சேரும். சட்டத்தை விடுங்கள், நம் அக்கா தங்கையின் அவலம் ஊரார் போனில் சுற்றுவதற்கா நாம் போராடுகிறோம்? சாட்சியின் முகம், புகார் மனுவில் உள்ள முகவரி, போன் நம்பர் எல்லாவற்றையும் மறைத்துவிட்டுத்தான் வெளியே வைக்க வேண்டும். சொந்தத் தளத்தில் திறந்த அறையும் வைக்கலாம், பூட்டிய அறையும் வைக்கலாம். "எடுத்துடுங்கம்மா" என்று அந்தக் குடும்பம் கேட்டால் நம் தளத்திலிருந்து அன்றே எடுத்துவிடலாம். ஃபார்வர்ட் போனது போனதுதான்.

சொந்தத் தளமும் சாகாவரம் பெற்றதல்ல. புதுப்பிக்க மறந்தால் முகவரி பறிபோகும். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 69ஏ பிரிவில் அரசு முடக்கவும் முடியும். அதனால்தான் வீட்டில் ஹார்டு டிஸ்க் இருக்க வேண்டும், கடவுச்சொல் ஒரே தலைவரிடம் இல்லாமல் இரண்டு மூன்று பேரிடம் இருக்க வேண்டும், அதில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும். செலவு ஆண்டுக்குச் சில ஆயிரம். ஒரு டிஜிட்டல் பேனருக்கு நாம் கூசாமல் கொடுக்கும் காசு அது. பேனர் ஒரு வாரத்தில் கிழிந்துவிடும்.

கல்லூரியில் படிக்கும் தம்பி தங்கைகளே, இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் தெருவில் நான்கு வீட்டுக்குப் போங்கள். பழைய போனில், பழைய பையில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். பட்டா நகல், போராட்டப் படம், வாங்கிய அடியின் மருத்துவச் சீட்டு, எதுவானாலும் அவர்கள் சம்மதத்தோடு நகலெடுங்கள். அடுத்த முறை வழக்கறிஞர் "ஒரிஜினல் எங்கே?" என்று கேட்டால், நம்மில் ஒருவராவது "இதோ" என்று எழுந்து நிற்க வேண்டும்.

ஜெய்பீம்.