மழைக்காக இடிப்பு நின்றது. பள்ளிக்காக ஏன் நிற்காது?

2025 மார்ச் மாதம் உத்தரப் பிரதேசத்தின் அம்பேத்கர் நகர் மாவட்டத்தில் எடுக்கப்பட்ட ஒரு காணொளியை நாடே பார்த்தது. புல்டோசர் குடிசைகளை இடித்துக்கொண்டிருக்க, ஒரு சிறுமி தன் புத்தகங்களை நெஞ்சோடு அணைத்தபடி ஓடுகிறாள். அடுத்த சில நாள்களில், ஏப்ரல் 1 அன்று, பிரயாக்ராஜில் சட்டவிரோதமாக வீடுகள் இடிக்கப்பட்ட வழக்கில் பாதிக்கப்பட்டோருக்குத் தலா 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்குமாறு உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த அமர்வில் இருந்த நீதிபதி உஜ்ஜல் புயான், அந்தச் சிறுமியின் காட்சி எல்லோரையும் கலங்கச் செய்ததாகக் குறிப்பிட்டார்.

காணொளி அவள் ஓடுவதோடு முடிந்துவிடுகிறது. வீடு இடிந்த பிறகு ஒரு குழந்தை மறுநாள் எந்தப் பள்ளிக்கு, எப்படிச் செல்கிறது என்பதை எந்தக் காணொளியும் காட்டுவதில்லை. சென்னையில் அந்தக் கேள்விக்கு விடை தேடினால் நாம் பெரும்பாக்கத்துக்குத்தான் செல்ல வேண்டியிருக்கும்.

தீவுத்திடல் அருகே கூவம் கரையில் இருந்த சத்தியவாணி முத்து நகர், 2019 டிசம்பர் இறுதியில் இடிக்கப்படத் தொடங்கியது. தாழ்த்தப்பட்டோர் முன்னேற்றக் கழகம் கண்டவரும், தமிழ்நாட்டிலும் பின்னர் ஒன்றியத்திலும் அமைச்சராக இருந்தவருமான சத்தியவாணி முத்து அம்மையாரின் பெயரைத் தாங்கிய குடியிருப்பு அது. அரையாண்டு விடுமுறை முடிந்து பிள்ளைகள் பள்ளி திரும்ப வேண்டிய வேளையில், அவர்களின் குடும்பங்கள் இருபது கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள பெரும்பாக்கத்துக்கு அனுப்பப்பட்டன. பள்ளி நகரின் நடுவில் இருந்தது. வீடு நகரின் விளிம்புக்குப் போனது. கல்வியாண்டில் மூன்று மாதங்களுக்கு மேல் மீதம் இருந்தது.

இத்தகைய குழந்தைகளை அரசின் கணக்கு ‘வீடற்றோர்’ என்று எண்ணாது. அவர்களுக்கு ஒதுக்கீட்டு ஆணை உண்டு, அடுக்குமாடியில் ஒரு கதவு எண்ணும் உண்டு. ஆனால் பொதுத்தேர்வு வரையிலாவது பழைய பள்ளியை விடக்கூடாது என்பதற்காக உறவினர் வீட்டுத் திண்ணையிலும், இடிந்த குடிசையின் பக்கத்து நடைபாதையிலும் தங்கிப் படிக்கும் பிள்ளைகள் வீடற்றோர் அல்லாமல் வேறு யார்?

சட்டம் எந்த இடத்தில் நின்றுவிடுகிறது?

தலித் மக்களை அவர்தம் வீட்டிலிருந்தோ ஊரிலிருந்தோ வெளியேறச் செய்வது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 3(1)இன்கீழ் குற்றம். ஆனால் அதே கூறில் ஒரு விலக்கும் இருக்கிறது: பொதுக்கடமையை நிறைவேற்றும்போது எடுக்கப்படும் நடவடிக்கைக்கு அது பொருந்தாது. ஊரில் ஆதிக்கச் சாதியினர் விரட்டினால் வன்கொடுமை. நகரில் அதிகாரி விரட்டினால் கடமை.

2024 நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம் புல்டோசர் நடவடிக்கைகளுக்குக் கடிவாளமிட்டு வழங்கிய தீர்ப்பை நாம் வரவேற்றோம். குறைந்தது 15 நாள் முன்னறிவிப்பு, நேரில் விளக்கமளிக்க வாய்ப்பு, காரணம் கூறும் ஆணை என்று பல பாதுகாப்புகளை அது வகுத்தது. ஆயினும் சாலை, தெரு, நடைபாதை, இருப்புப்பாதை ஓரம், ஆறு மற்றும் நீர்நிலை ஓரம் ஆகிய இடங்களில் உள்ள அனுமதியற்ற கட்டுமானங்களுக்கும், நீதிமன்றமே இடிக்கச் சொன்ன வழக்குகளுக்கும் அந்த வழிகாட்டுதல்கள் பொருந்தா என்றும் அது கூறியது. சென்னையில் எளிய மக்கள் எங்கே வாழ்கிறார்கள்? கூவம் கரையில், அடையாற்றின் கரையில், பக்கிங்காம் கால்வாய் ஓரத்தில், நடைபாதையில். பாதுகாப்பு எந்த இடத்தில் முடிகிறதோ அந்த இடத்தில்தான் நம் பிள்ளைகளின் வீடுகள் தொடங்குகின்றன.

அவர்கள் அங்கே வந்து சேர்ந்ததற்கும் ஒரு வரலாறு உண்டு. 1892இல் தொடங்கி ஒடுக்கப்பட்ட மக்களுக்கென ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம் ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர். அதில் பெரும்பகுதி இன்று பிறர் கைகளில் இருக்கிறது. நிலம் பறிபோன குடும்பம் நகரத்துக்கு வந்தது, நகரத்தைக் கட்டியது, கூட்டியது, சுமந்தது, ஆற்றங்கரையில் ஒதுங்கியது. அதனை ‘ஆக்கிரமிப்பு’ என்று அழைக்கும்போது, முதலில் ஆக்கிரமிக்கப்பட்டது எது என்ற கேள்வி மறைக்கப்படுகிறது.

குழந்தையை மட்டும் பார்க்கும் பார்வை

இளைஞர் நீதிச் சட்டம், 2015 வீடற்ற குழந்தையைக் கண்டுகொள்ளவே செய்கிறது. வீடோ நிலையான தங்குமிடமோ, வெளிப்படையான பிழைப்பு வழியோ இல்லாத குழந்தை, தெருவில் வாழும் குழந்தை ஆகியோர் அதன்படி ‘பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகள்’. அவர்கள் குழந்தைகள் நலக் குழுவின் முன் நிறுத்தப்பட வேண்டும். காணாமல் போனோ, கடத்தப்பட்டோ, தனியாகத் தவித்தோ நிற்கும் குழந்தைக்கு இது உயிர்காக்கும் ஏற்பாடு. இதில் நமக்கு மறுப்பில்லை.

ஆனால் நடைபாதையில் தாயின் அருகே உறங்கும் குழந்தையின் நிலை வேறு. அக்குழந்தைக்குக் குடும்பம் இருக்கிறது, இல்லாதது கூரை. வீட்டை அரசே இடித்துவிட்டு, குழந்தைக்கு வீடில்லை என்று கூறி விடுதிக்கு அனுப்புவதை மீட்பு என்று எப்படி அழைப்பது? நிறுவனப் பராமரிப்பு கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்பது இதே சட்டத்தின் அடிப்படைக் கொள்கைகளில் ஒன்று. ஆகவே நம் பரப்புரை ‘குழந்தைகளைத் தெருவிலிருந்து அகற்றுவோம்’ என்று அமையக்கூடாது. ‘குடும்பத்துக்கு, பள்ளிக்கு அருகில், வீடு’ என்பதே நமது முழக்கமாக வேண்டும்.

அது நடக்க இயலாத கோரிக்கையும் அன்று. 2022 மே மாதம், பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுகள் நடந்துகொண்டிருந்தபோது, ராஜா அண்ணாமலைபுரம் கோவிந்தசாமி நகரில் வீடுகள் இடிக்கப்பட்டன. அங்கு வாழ்ந்த ஒருவர் தீக்குளித்து உயிரிழந்தார். அதன் பின்னரே, மந்தைவெளி, மயிலாப்பூர் பகுதிகளில் மாற்று வீடு வழங்கப்படும் என்று முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். நகருக்குள் இடமில்லை என்ற வாதம் ஓர் உயிர் போனதும் காணாமல் போயிற்று. இடம் முன்பும் இருந்தது.

இளைஞர்கள் எங்கே நிற்க வேண்டும்?

கல்லூரி மாணவர்கள் இப்போராட்டத்துக்கு வர விரும்புகிறார்கள். பிஸ்கட் பொட்டலங்களோடும் கைப்பேசிகளோடும் வருகிறார்கள், நல்லெண்ணத்தில் ஐயமில்லை. ஆயினும் அழுக்குச் சட்டையோடு நிற்கும் குழந்தையின் படம் ஒன்று சமூக ஊடகத்தில் ஏறிவிட்டால், அந்தக் குழந்தையின் வகுப்பறையிலும் அது சுற்றும். சாதிப்பெயரோடு ‘பிளாட்பாரம்’ என்ற வசவும் சேர்ந்துகொள்ளும். பராமரிப்பு தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை ஊடகங்களில் வெளியிடுவதை இளைஞர் நீதிச் சட்டத்தின் பிரிவு 74 தடைசெய்து தண்டனையும் விதிக்கிறது. இரக்கம் சட்டத்துக்கு மேற்பட்டதன்று.

நாங்களும் இதில் தவறியிருக்கிறோம். மறுகுடியமர்வுப் பகுதியொன்றில் சட்ட உதவி முகாம் நடத்தியபோது, எங்கள் படிவத்தில் குடும்ப அட்டை எண், ஆதார் எண், ஒதுக்கீட்டு ஆணை நாள் ஆகியவற்றுக்கெல்லாம் இடமிருந்தது. ஆறாம் வகுப்பில் இடம்பெயர்க்கப்பட்டு, அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவி எங்களுக்கு உதவ வந்தார். அவர் ஒவ்வொரு தாயிடமும் கேட்டது வேறு: “காலையில முதல் பஸ் எத்தனை மணிக்கு? பிள்ளை எத்தனை நாள் பள்ளிக்கூடம் போகல? புதுச் சீருடைக்கு யார் காசு கொடுத்தாங்க?” அந்தக் கேள்விகள் எதுவும் எங்கள் படிவத்தில் இல்லை. பின்னர் எங்கள் மனுக்களுக்கு வலுச்சேர்த்தவை அவருக்குக் கிடைத்த விடைகளே.

தெருச்சூழலில் வாழும் குழந்தைகள் குறித்த தனது 21ஆம் பொதுக் கருத்துரையை ஐ.நா. குழந்தைகள் உரிமைக் குழு 2017இல் வெளியிட்டபோது, 32 நாடுகளைச் சேர்ந்த 327 சிறார்களிடமும் இளையோரிடமும் கருத்துக் கேட்டே அதனை உருவாக்கியது. நம் ஊரில் ஒரு குடியிருப்பை அகற்றுமுன் அங்குள்ள ஒரு குழந்தையிடமாவது யாரேனும் கேட்டதுண்டா? வீடிழந்து வளர்ந்த இளைஞர்கள் இந்தப் பரப்புரையின் முகப்புப் படங்களாக இருந்தால் போதாது. அதன் கேள்விகளை எழுதுபவர்களாக இருக்க வேண்டும். மற்ற மாணவர்கள் அவர்களுக்குத் துணை நிற்கட்டும்.

செய்யத்தக்க பணிகள் மூன்றினை முன்வைக்கிறோம்.

முதலாவது, பள்ளிச் சேர்க்கை. வயதுச் சான்று இல்லை என்றோ, மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதம் என்றோ சேர்க்கையை மறுக்கக்கூடாது என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் கூறுகிறது. இதை எழுத்தில் கையில் வைத்துக்கொண்டு தாயோடு தலைமையாசிரியர் அறைக்குச் செல்ல ஒரு மாணவர் போதும். அச்சட்டம் எட்டாம் வகுப்போடு நின்றுவிடுவதால், மேல்வகுப்புப் பிள்ளைகளுக்கே கூடுதல் துணை தேவை.

இரண்டாவது, கணக்கெடுப்பு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் வீடற்றோர் ஏறத்தாழ 17.7 லட்சம் பேர். அந்த எண்ணிக்கை, பிப்ரவரி 28 என்ற ஒரே இரவில் எடுக்கப்பட்டது. அடுத்த கணக்கெடுப்பின் அடிப்படை நாள் 2027 மார்ச் 1. இம்முறை சாதியும் பதிவு செய்யப்படவுள்ளது. நடைபாதையில் இருப்பவர் யார் என்பதை அரசே தன் ஏட்டில் எழுதும் வாய்ப்பு இது. எந்தத் தெருவில், எந்த மேம்பாலத்தின் அடியில் எத்தனை குடும்பங்கள் உறங்குகின்றன என்பதை அவர்களின் ஒப்புதலோடு இப்போதே பட்டியலிட்டு, எவரும் விடுபடாமல் பார்த்துக்கொள்வது இளைஞர்களால் இயலும். இரவில் அந்தத் தெருக்களை அறிந்தவர்கள் அங்கே வளர்ந்த பிள்ளைகளே.

மூன்றாவது, கல்வியாண்டின் நடுவே வெளியேற்றம் கூடாது என்ற கோரிக்கை. இதற்கு முன்னுதாரணம் நம் சட்ட வரலாற்றிலேயே இருக்கிறது. பம்பாய் நடைபாதைவாசிகளின் ஓல்கா டெல்லிஸ் வழக்கில், வாழ்வாதாரம் வாழ்வுரிமையின் பகுதி என்று 1985 ஜூலையில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், வெளியேற்றத்தை முற்றாகத் தடுக்கவில்லை. எனினும் மழைக்காலத்தின் துயரைக் கருதி அக்டோபர் 31 வரை குடிசைகளை அகற்றக்கூடாது என்றது. மழைக்காக நான்கு மாதம் காத்திருக்க முடிந்த அரசால், ஒரு குழந்தையின் ஆண்டுத்தேர்வுக்காகக் காத்திருக்க முடியாதா? ஒவ்வொரு வெளியேற்றத்துக்கும் முன், அங்குள்ள பிள்ளைகள் எத்தனை பேர், எந்த வகுப்பு, எந்தப் பள்ளி, புதிய இடத்தில் எந்தப் பள்ளியில் இடம் உறுதி என்ற பட்டியல் வெளியிடப்பட வேண்டும். அது இல்லாத வெளியேற்ற ஆணை நீதிமன்றத்தில் எதிர்க்கப்பட வேண்டும்.

இது முழுத் தீர்வன்று. வாழும் இடத்திலேயே வீடு என்பதுதான் நம் இலக்கு. ஆயினும் ஓர் ஆண்டு தடுத்து நிறுத்தப்படும் இடிப்பு, ஒரு பிள்ளையைப் பன்னிரண்டாம் வகுப்பைக் கடக்கச் செய்யும். அண்ணல் அம்பேத்கர் நமக்குத் தந்த முதல் கட்டளை கற்பதுதான். கற்பதற்கு ஒரு பள்ளியும், புத்தகத்தை வைக்க ஓர் இடமும் வேண்டும்.

அம்பேத்கர் நகரில் அந்தச் சிறுமி வீட்டுக்குள்ளிருந்து எடுத்துக்கொண்டு ஓடியது புத்தகங்களைத்தான். எதைக் காப்பாற்ற வேண்டும் என்பதில் அவளுக்குக் குழப்பம் இல்லை. நமக்கும் இருக்கக்கூடாது.