‘டார்க்’ என்றால் கறுப்பா?

குழந்தைக்கு ஆங்கிலக் கதை சொல்லும்போது, ‘ஷீ இஸ் டார்க்’ என்று வந்ததும் ‘அவள் கறுப்பு’ என்று சொல்லிவிடுகிறோம். பழைய ஆங்கில நாவல்களில் பெரும்பாலும் அது கூந்தலைக் குறிப்பது. கருங்கூந்தல்காரி என்று அர்த்தம். ‘ஃபேர்’ என்றால் வெளிர் பொன்னிற முடி. நாமோ அதைக் கல்யாண விளம்பரத்துச் சிவப்பாகவே எடுத்துக்கொண்டோம்! (இந்தச் சொல் படுத்தியது போதும் என்றோ என்னவோ, 2020-ல் ஒரு பிரபல முக க்ரீம் தன் பெயரிலிருந்தே ‘ஃபேர்’ஐ எடுத்துவிட்டது.)

கதாநாயகி ‘ஃபேர்’, சூனியக்காரி ‘டார்க்’ என்று கேட்டு, மாநிறக் குழந்தையின் முகம் வாடுவதை நான் பார்த்திருக்கிறேன். “தலைமுடியைத்தான் சொல்றாங்கடா கண்ணா” என்று அப்போதே சொல்லிவிடுங்கள்.

பொன்னிற முடிக்காரி ‘பிளாண்ட்’, பழுப்பு முடிக்காரி ‘புருனெட்’. இரண்டும் பிரெஞ்சு வழி வந்தவை. ‘பிளாண்ட்’ எழுதும்போது பெண்ணுக்குக் கடைசியில் ‘ஈ’ உண்டு, ஆணுக்கு இல்லை, உச்சரிப்பு ஒன்றேதான். ‘ரெட் ஹேர்’ என்பதைச் சிவப்பு மையாக நினைக்க வேண்டாம். கிட்டத்தட்ட ஆரஞ்சுப் பழ நிறம்.

நரைக்கு ‘கிரே’. ஆங்கிலேயர் ‘ஈ’ போட்டு எழுதுவார்கள், அமெரிக்கர் ‘ஏ’ போடுவார்கள். நம் பள்ளிக்கூடப் பரீட்சைக்கு ‘ஈ’தான் நல்லது.

இன்னொன்று. ‘மை ஹேர்ஸ் ஆர் பிளாக்’ என்று குழந்தை எழுதினால் திருத்துங்கள். தலை நிறைய முடி இருந்தாலும் அது ‘ஹேர்’ தான், ‘இஸ்’ தான். சாம்பாரில் இரண்டு முடி கிடந்தால் மட்டும் தாராளமாக ‘ஹேர்ஸ்’ போடலாம்!