ஜாக்கி இறக்கினால் காற்று அசைக்காதா?

"நாலு ஜாக்கியையும் இறக்கிட்டா வேன் அசையாது, காத்து எவ்வளவு அடிச்சாலும் பரவாயில்ல." கேம்பர் வேனில் மலையகம் சுற்ற வருகிறவர்களிடம் இந்தப் பேச்சைக் கேட்கலாம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மோதும் லிந்துலையில் இதை நம்பிப் படுப்பது ஆபத்து. பாதி உண்மை இருப்பதால் இன்னும் ஆபத்து.

அந்தப் பாதியை ஒப்புக்கொள்கிறேன். வேன் ஆடுவது ஸ்பிரிங்கின் மேல். ஜாக்கி இறங்கியதும் சட்டகம் நேரே தரையில் ஊன்றிக்கொள்கிறது. ஆட்டம் குறைகிறது, அடுப்பில் வைத்த தேத்தண்ணி சிந்துவதில்லை. ஆனால் ஆட்டம் குறைந்ததாலேயே பிடிமானம் கூடிவிட்டது என்று ஆகாது.

ஜாக்கி வண்டியைத் தரையோடு பிடித்து வைப்பதாகச் சொல்கிறார்கள். எதைக் கொண்டு? அதன் பாதத்தில் ஆணியும் இல்லை, கொக்கியும் இல்லை. மூன்று தொன் வேன் ஜாக்கிமேல் நின்றாலும் மூன்று தொன்தான். "லயத்துக் கூரைத் தகரத்துக்கு நாங்க கல்லு வைக்கலையா?" என்பார்கள். கல் கூரைக்குப் பாரம் சேர்க்கிறது. ஜாக்கி ஒரு றாத்தல்கூடச் சேர்ப்பதில்லை. மாறாக வண்டியைத் தூக்கிக் காற்றுக்கு இன்னும் உயரமாகக் காட்டுகிறது. பெரும்பாலான வண்டிகளில் ஜாக்கி பொருத்தியிருப்பது சக்கரங்களுக்கு உட்பக்கமாக, சட்டகத்தில். அதாவது ஊன்றி நிற்கும் அகலமும் குறைகிறது.

அடுத்தது, "இது தொன் கணக்கில் தாங்கும்" என்ற வாதம். தாங்கும், மேலிருந்து வரும் பாரத்தை. காற்று தள்ளுவது பக்கவாட்டில். 6 மீற்றர் நீளமும் இரண்டரை மீற்றர் உயரமும் உள்ள பக்கச் சுவரில் மணிக்கு 36 கிலோமீற்றர் காற்று ஏறத்தாழ 90 கிலோ விசையோடு தள்ளும். வேகம் இரட்டித்து 72 ஆனால் விசை நான்கு மடங்கு, 350 கிலோவுக்கு மேல். 108 ஆனால் ஒன்பது மடங்கு. 72 கிலோமீற்றர் காற்று மூன்று தொன் வேனைக் கவிழ்த்துவிடாது என்பது சரி. ஆனால் முழுதாக நீட்டிய ஜாக்கிக் காலை வளைக்கவோ ஈர மண்ணில் வழுக்கவிடவோ அவ்வளவு விசை தேவைப்படாது.

மண் விஷயத்தில்தான் எனக்குக் கோபம் வரும். "பலகை வச்சா சரி" என்கிறார்கள். எட்டு அங்குலப் பாதத்துக்குக் கீழே பதினெட்டு அங்குலச் சதுரப் பலகை வைத்தால் அழுத்தம் ஐந்தில் ஒன்றாகும், நல்ல பழக்கம். ஆனால் ஹட்டனிலிருந்து தலவாக்கலை போகும் வழியில், சென்ட் கிளேயர் நீர்வீழ்ச்சி பார்க்க நிறுத்துகிற மாதிரியான ஓரங்களை நினைத்துப் பாருங்கள். பள்ளத்துப் பக்க விளிம்பு பல இடங்களில் மண் போட்டு நிரப்பியது. ஒரு கிழமை மழை ஊறிய பிறகு காற்று ஒரு பக்கம் அடிக்கும்போது, காற்றுப் பக்கத்து ஜாக்கியில் பாரம் குறைந்து மறுபக்கத்தில் கூடும். கூடின பக்கம் அமிழும். வேன் சாயும். சாய்ந்ததும் அந்தப் பக்கம் இன்னும் பாரம்.

ஹேண்ட் பிரேக்கை நம்புகிறவர்களும் உண்டு. பல வேன்களில் அது பிடிப்பது பின்சக்கரங்களை மட்டும். சரிவில் மட்டம் பார்க்கப் பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிவிட்டால் பிரேக் பிடிக்க என்ன இருக்கிறது?

ஆகவே மட்டம் வேண்டுமென்றால் சக்கரத்துக்குக் கீழே ஏற்றுக்கட்டை போட்டு, மற்றச் சக்கரங்களுக்கு அடைக்கட்டை வையுங்கள். காற்று ஏறுகிறதென்றால் முதலில் பந்தலைச் சுருட்டுங்கள். பிறகு ஜாக்கியைத் தூக்கி, பாரத்தை டயரில் விட்டு, மூக்கு காற்றைப் பார்க்கும்படி நிறுத்துங்கள். அதுவும் யூகலிப்டஸ் மரத்தடியில் வேண்டாம்; பருவக்காற்றில் இங்கே மரம் பாதையிலும் லயத்திலும் விழுவது ஆண்டுதோறும் நடப்பது.

வளிமண்டலவியல் திணைக்களத்தின் காற்று எச்சரிக்கையும், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையும் இந்த மாதங்களில் ஒன்றாகவே வரலாம். இரண்டாவது வந்தால் செய்ய வேண்டியது வண்டியை எடுத்துக்கொண்டு இறங்குவது. காற்றில் வளைந்த ஜாக்கி உள்ளே போகாது, அது உள்ளே போகாமல் வண்டியும் நகராது.