பயாலஜி படித்தவர்களுக்கு கோடிங் வருமா? சிவகாசி காலண்டரை வைத்து ஒரு விளக்கம்

தமிழ்நாட்டில் பிளஸ் ஒன் சேரும்போதே ஒரு பாதை பிரிந்துவிடுகிறது. கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப் எடுப்பவர்கள் 11ஆம் வகுப்பில் சி பிளஸ் பிளஸ், 12ஆம் வகுப்பில் பைத்தான் என்று படித்து, 'கிளாஸ்', 'ஆப்ஜெக்ட்' வரை பார்த்துவிடுகிறார்கள். பயாலஜி பக்கம் போகிறவர்களில் பலர் ஒரு வரி கோட் கூட எழுதாமலேயே கல்லூரிக்கு வருகிறார்கள்.

ஆனால் இன்றைய பயாலஜி லேபில் மைக்ரோஸ்கோப்புக்குப் பக்கத்தில் லேப்டாப்பும் இருக்கிறது. மனித ஜீனோம் என்பது சுமார் 300 கோடி எழுத்துகள். அதைக் கண்ணால் படிக்க முடியாது. சிவகாசியிலும் கிருஷ்ணன்கோவிலிலும் பயோடெக்னாலஜி படிக்கும் மாணவர்களுக்கு இது எங்கோ நடக்கும் விஷயம் இல்லை. ஆய்வுக்குப் போனாலும் வேலைக்குப் போனாலும், டேட்டாவைக் கையாளத் தெரியுமா என்ற கேள்வி வந்து நிற்கும்.

அப்போது பலரும் மிரள்வது 'ஆப்ஜெக்ட் ஓரியண்டட் புரோகிராமிங்' என்ற பெயரைக் கேட்டுத்தான். பாடம் அவ்வளவு கஷ்டமா, இல்லை சொல்லித்தரும் உதாரணம்தான் ஒட்டவில்லையா?

கிளாஸ், ஆப்ஜெக்ட்: சிம்பிளா சொன்னா?

சிவகாசியில் அச்சாகும் காலண்டர்களைப் பாருங்கள். ஒரே முருகன் படம், ஒரே தேதித் தாள். கீழே மட்டும் ஒன்றில் ஜவுளிக்கடை பெயர், இன்னொன்றில் மளிகைக்கடை பெயர். அந்த டிசைன்தான் கிளாஸ். அச்சாகி வரும் ஒவ்வொரு காலண்டரும் ஒரு ஆப்ஜெக்ட். கடைப் பெயர், அந்த ஆப்ஜெக்டுக்கு மட்டும் உரிய தகவல்.

இன்னொன்று பட்டாசு. உள்ளே என்ன மருந்து, எவ்வளவு என்று நமக்குத் தெரியாது. தெரியவும் தேவையில்லை. திரியைப் பற்றவைத்தால் போதும். அதுபோல, உள்விவரத்தை மூடிவைத்து, பயன்படுத்துபவருக்குத் 'திரி'யை மட்டும் வெளியே நீட்டுவதும் இந்த முறையின் அடிப்படை. அந்தத் திரிக்கு 'மெத்தட்' என்று பெயர்.

பேங்க் அக்கவுண்ட் உதாரணம் ஏன் ஒட்டவில்லை?

புத்தகங்களில் வழக்கமாக வரும் பயிற்சிகள் பேங்க் அக்கவுண்ட், கார், எம்ப்ளாயி. மாணவர் டைப் செய்வார், அவுட்புட்டும் வரும். அடுத்த நாள் லேபில் அதை எங்கே பயன்படுத்துவது என்று தெரியாது.

இதையே டி.என்.ஏ-வில் தொடங்கினால்? 'டி.என்.ஏ' என்று ஒரு கிளாஸ். அதற்குள் போகும் எழுத்துகள் ஏ, டி, ஜி, சி மட்டும்தான். வேறு எழுத்து வந்தால் உடனே எரர் காட்ட வேண்டும். ஜி, சி எத்தனை சதவீதம் என்று சொல்ல ஒரு மெத்தட். எதிர் இழையைத் தர இன்னொரு மெத்தட். 'ஏ டி ஜி சி சி' என்று கொடுத்தால், முதல் மெத்தட் 60 என்று சொல்லணும். இரண்டாவது, 'ஜி ஜி சி ஏ டி' என்று திருப்பித் தரணும். விடை சரியா என்று மாணவரே பேப்பரில் போட்டுப் பார்க்கலாம், பயாலஜி அவருக்கு ஏற்கெனவே தெரியும்.

அடுத்து ஆர்.என்.ஏ. டி-க்குப் பதில் யூ. இரண்டுக்கும் பொதுவானதை 'சீக்வென்ஸ்' என்ற தாய் கிளாஸில் வைத்துவிட்டு, வித்தியாசத்தை மட்டும் தனித்தனியாக எழுதினால், அதுதான் இன்ஹெரிட்டன்ஸ். 1999-ல் தொடங்கிய 'பயோபைத்தான்' திட்டமும் சீக்வென்ஸை இப்படி ஒரு ஆப்ஜெக்டாகத்தான் கையாள்கிறது.

மலை அணில் வைக்கும் டெஸ்ட்

தமிழ்வழிப் பாடப்புத்தகத்தில் கிளாஸுக்கு 'இனக்குழு', இன்ஹெரிட்டன்ஸுக்கு 'மரபுரிமம்' என்று பெயர். கேட்டால் பயாலஜி பாடம் மாதிரியே இருக்கும். குழப்பமும் அங்கேதான்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் 1988 முதல் சாம்பல் நிற மலை அணிலுக்கு ஒரு சரணாலயம் இருக்கிறது. அந்த அணிலும், மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் இந்திய மலை அணிலும் 'ரத்துஃபா' என்ற ஒரே பேரினம். கோடில் 'ரத்துஃபா' தாய் கிளாஸ். இரண்டு இனங்களும் சேய் கிளாஸ்கள். மரத்தில் உட்கார்ந்திருக்கும் ஒரு அணில், ஆப்ஜெக்ட். அது போடும் குட்டி? சேய் கிளாஸ் இல்லை, இன்னொரு ஆப்ஜெக்ட். அம்மாவிடமிருந்து குட்டிக்கு வரும் மரபு வேறு, கோடில் வரும் மரபுரிமம் வேறு.

இன்னும் ஒரு பயிற்சி. 'பாலூட்டி' கிளாஸில் 'குட்டி போடும்' என்று விதி எழுதியாச்சு. இப்போது முட்டையிடும் பாலூட்டியான பிளாட்டிபஸை என்ன செய்வது? வௌவால், பறவை, பட்டாம்பூச்சி மூன்றும் பறக்கின்றன. அதற்காக மூன்றையும் ஒரே தாய் கிளாஸில் அடைக்கலாமா? முடியாது. 'பறத்தல்' என்பதைத் தனித் திறனாக எழுதி, தேவையான கிளாஸில் சேர்க்க வேண்டும். இந்தக் கேள்விகளை விலங்கியல் மாணவர் சட்டென்று கேட்பார்.

தப்பானால் என்ன ஆகும்?

2006 டிசம்பரில், அமெரிக்காவின் ஸ்க்ரிப்ஸ் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஒரு குழு, 'சயின்ஸ்' இதழில் வெளியான 3 கட்டுரைகளை வாபஸ் பெற்றது. புரதங்களின் வடிவம் பற்றிய ஆய்வு அது. லேபிலேயே வைத்திருந்த ஒரு புரோகிராம், இரண்டு காலம் டேட்டாவை இடம் மாற்றிப் போட்டிருந்தது.

எக்செல் கதை இன்னும் பிரபலம். 'செப்ட் 2' என்ற ஜீனின் பெயரை அது செப்டம்பர் 2 என்று தேதியாக மாற்றிவிடும். ஜீன் பட்டியலை எக்செல் கோப்பாக இணைத்த கட்டுரைகளில் சுமார் ஐந்தில் ஒன்றில் இப்படிப் பிழை இருப்பதாக 2016-ல் ஒரு ஆய்வு காட்டியது. கடைசியில், ஜீன்களுக்குப் பெயரிடும் குழு 2020-ல் பெயர்களையே மாற்ற வேண்டியதாயிற்று.

டேட்டா ஒரு பக்கம், அதற்கான விதி மனிதர் மனதில் இன்னொரு பக்கம் என்று இருந்தால் இப்படி நடக்க வாய்ப்பு அதிகம். கிளாஸ் எழுதுவது என்றால் இரண்டையும் ஒரே இடத்தில் வைப்பது. அதற்காக இது சர்வரோக நிவாரணி இல்லை. ஒருமுறை மட்டும் ஓட்டும் 20 வரி கோடுக்கு கிளாஸே வேண்டாம், சாதாரண ஃபங்ஷன் போதும்.

ஏஐ எழுதித் தராதா?

தரும், நொடியில் தரும். ஆனால் முதல் எழுத்தை பயாலஜி புத்தகம் 1 என்று எண்ணும், பைத்தான் 0 என்று எண்ணும். ஒரு இடம் தள்ளிப்போனால் புரதமே மாறிவிடலாம். அவுட்புட்டைப் பார்த்து 'இது சரியில்லையே' என்று சொல்ல, பயாலஜியும் கோடும் தெரிந்த ஒரு ஆள் வேண்டும்.

இத்தனைக்கும் இந்த ஐடியாவே பயாலஜிக்கு சொந்தக்காரன்தான். 'ஆப்ஜெக்ட் ஓரியண்டட்' என்ற பெயரை வைத்த ஆலன் கே, 1966-ல் கணிதமும் மூலக்கூறு உயிரியலும் படித்துப் பட்டம் பெற்றவர். உடலின் செல்கள்போல, தனக்குள் வேலையை வைத்துக்கொண்டு, ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பிக்கொள்ளும் சின்னச் சின்ன யூனிட்களாகவே அவர் ஆப்ஜெக்டைக் கற்பனை செய்தார்.

ஆரம்பிக்க காசும் தேவையில்லை. என்.பி.டி.இ.எல்-லில் சென்னை கணிதவியல் கழகப் பேராசிரியர் மாதவன் முகுந்த் நடத்தும் பைத்தான் பாடம் இலவசம். கூடவே பிராக்டிகல் ரெக்கார்ட் நோட்டைத் திறந்து, அதில் இருக்கும் ஒரு உயிரினத்தை எடுங்கள். அதற்கு என்னென்ன தகவல் இருக்கும், என்ன செய்யும், எது நடக்கவே நடக்காது என்று மூன்று பட்டியல் போடுங்கள். முதல் கிளாஸில் பாதி அப்போதே எழுதியாகிவிட்டது.