தேய்ந்து போகும் தடம்

சிக்னலில் பச்சை. ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் கார் ஒரு நொடி தயங்கி, பிறகு துள்ளுகிறது. பெட்ரோலில் கலப்படம் என்பீர்கள். மெக்கானிக் இன்ஜெக்டரைக் கழற்றுவார். குற்றவாளி த்ராட்டில் பொசிஷன் சென்சாராகவும் இருக்கலாம்.

உள்ளே மர்மம் எதுவுமில்லை. பழைய ரேடியோவின் வால்யூம் திருகுதான். கார்பன் பூசிய வளைந்த தடம். ஒரு முனையில் 5 வோல்ட், மறுமுனை எர்த். இன்ஜினுக்குள் காற்றை விடும் த்ராட்டில் வால்வு திரும்பும்போது, ஒரு உலோக விரல் தடத்தை உரசிக்கொண்டே நகர்கிறது. அது நிற்கும் இடத்து மின்னழுத்தம் மூன்றாவது ஒயர் வழியே கம்ப்யூட்டருக்குப் போகிறது. மூடியிருந்தால் சுமார் 0.5 வோல்ட், முழுக்கத் திறந்தால் 4.5. பெட்ரோல் எவ்வளவு பீய்ச்சுவது என்ற கணக்கில் இதுவும் சேர்த்தி.

நகர நெரிசலில் வால்வு கால்வாசி திறந்தாலே அதிகம். விரல் அதே சிறு பகுதியையே தேய்க்க, கார்பன் உதிர்கிறது. அங்கே மின்னழுத்தம் சட்டென்று விழும். நீங்கள் காலை எடுத்துவிட்டதாகக் கம்ப்யூட்டர் முடிவு கட்டி, பெட்ரோலைக் குறைத்துவிடும். லாரியை முந்தும் நேரத்தில் இது நடந்தால் விளையாட்டல்ல.

புதிய கார்களில் காந்தத்தால் தொடாமலே அளக்கும் ரகம் வந்துவிட்டது. பழைய வண்டி என்றால், இன்ஜெக்டருக்குப் பணம் எண்ணுமுன் மல்ட்டிமீட்டரை வைக்கச் சொல்லுங்கள். வால்வை மெல்லத் திறக்கும்போது முள் சீராக ஏற வேண்டும். நடுவில் குதித்தால் சென்சாரை மாற்றினால் போதும்.