சஹன் விலை மட்டும் கேட்டால் போதுமா?

ஆசிரியருக்கு,

எங்கள் பக்கம் வலீமா என்னும் கல்யாண விருந்துக்குச் சமையல் பேசப் போனால் முதல் கேள்வியே "ஒரு சஹன் (பலர் சேர்ந்து உண்ணும் தட்டு) என்ன விலை?" என்பதுதான். அடுத்தது கோழி எத்தனை துண்டு, வட்டிலப்பம் உண்டா. எத்தனை மணிக்குச் சமைத்து இறக்குவீர்கள் என்று யாரும் கேட்பதில்லை. போன வருடம் மகனின் வலீமாவுக்கு நானும் கேட்கவில்லை. சுபஹோடு இறக்கிய புரியாணி, லுஹர் தொழுதுவிட்டு ஆட்கள் வந்து அமரும்வரை கிடாரத்தில் மூடியே கிடந்தது. மூடியைத் திறந்ததும் புளித்த வாடை. பரிமாறுமுன் கண்டுகொண்டோம், அல்ஹம்துலில்லாஹ். சம்பந்தி வீட்டார் முகத்தைத்தான் பார்க்க முடியவில்லை.

2017 ஏப்ரலில் இறக்காமம், வாங்காமத்தில் கந்தூரிச் சோறு சாப்பிட்ட நூற்றுக்கணக்கானோர் ஆஸ்பத்திரிக்குப் போனதையும், உயிர்கள் போனதையும் அதற்குள் மறந்துவிட்டோம். சமைத்த இறைச்சியும் சோறும் 60 பாகை செல்சியஸுக்குக் கீழே மணிக்கணக்கில் கிடந்தால் கிருமி பெருகும். எங்கள் வெயிலுக்குச் சொல்லவா வேண்டும்!

ஹோட்டல்களில் சோதனை போடும் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் (பீ.எச்.ஐ.மார்), கல்யாணச் சமையல் நடக்கும் கொட்டில்களையும் எட்டிப் பார்க்க வேண்டும். நாள் குறித்ததுமே அவர்களுக்குத் தகவல் கொடுக்கும் வழக்கத்தைப் பள்ளிவாசல் நிர்வாகங்கள் தொடங்கிவைக்கட்டும்.

வாசகர் ஒருவர்,
சாய்ந்தமருது.